துறைதோறும் வளர்ந்த தமிழியல்

(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் தளராமல் கூடிவருவது எளிய செயலன்று. இந்நிறைவு விழாவில், தமிழைப் பற்றிய படிப்பு பல துறைகளாகக் கிளைத்து வளர்ந்த வரலாற்றைத் திரும்பிப் பார்ப்பது பொருத்தமாகும் எனக் கருதுகிறேன்.

ஒரு காலத்தில் தமிழாய்வு என்பது ஏடு தேடுதலும் பதிப்பித்தலுமே எனலாம். சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், தொடர்ந்து 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். மூலநூல்கள் கைக்கு வந்த பின்னரே ஏனைய துறைகள் காலூன்ற இயன்றது.

அடுத்து வந்தது அகராதித் துறை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் பின்னிணைப்பும் சேர்ந்தது. பதிப்பிக்கப்பெற்ற இலக்கியங்கள் அதற்கு வயலாயின. அவ்வகராதியோ மொழியியலுக்கு வயலாயிற்று. 1961இல் பரோவும் எமனோவும் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் தமிழ்ச் சொற்கள் பெற்றுள்ள முதன்மை இடத்தைக் கண்டோர் இவ்வுண்மையை உணர்வர். ஒரு துறையின் விளைச்சல் மறுதுறைக்கு விதையாகும் என்பதே இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இதனினும் சிறந்த சான்று ஒன்றுண்டு. அசோகனின் கல்வெட்டு தென்னாட்டு அரசர்களைக் குறிப்பிடுகையில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்பாரையும் சுட்டுகிறது. அவர் யார் என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த வினா. அதியமான் மரபினரே அவர் என ஆய்வாளர் சிலர் கருதினர். உறுதியான சான்று மட்டும் கிட்டவில்லை. 1981இல் திருக்கோவலூர்க்கு அருகிலுள்ள சம்பைக் குன்றில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டுக் கண்டறியப்பட்டது. சதியபுத்திரன் என்னும் பெயரையும் அதியன் நெடுமான் அஞ்சி என்னும் பெயரையும் ஒருங்கே தாங்கி, அவன் அளித்த உறைவிடம் அது என அக்கல் சொல்கிறது. ஔவையார் பாடிய அஞ்சி கோவலூரை வென்றான் என்பது புறநானூற்றால் பெறப்படும் செய்தி. கல் கிடைத்த இடமோ கோவலூரின் அண்மை! பிராகிருதக் கல்வெட்டியல், தமிழ்க் கல்வெட்டியல், மொழியியல், சங்க இலக்கியப் படிப்பு ஆகிய நான்கும் சந்தித்த இடத்தில் அவ்வினா விடை கண்டது. இவற்றுள் ஒன்று மட்டும் தனித்து நின்றிருந்தால் அக்கல் வெறுங்கல்லாகவே இருந்திருக்கும்.

நிறுவனங்களும் பெருகின. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று. சென்னையில் 1970இல் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், தஞ்சையில் 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் நூல்களைக் கணினியில் ஏற்றியது. 2004இல் தமிழ் செம்மொழியென நடுவணரசால் ஏற்கப்பெற்றது. இவை யாவும் நாம் மகிழ்தற்குரியன.

எனினும், வகுப்பறையில் நாள்தோறும் நிற்பவள் என்ற முறையில் ஒரு கவலையையும் இவ்வவையில் முன்வைக்க வேண்டியவளாயிருக்கிறேன். முல்லை என்னும் சொல் சங்கப் பாடல்களில் பயிலும் இடங்களைத் தொகுத்துவருமாறு கூறினால், இன்றைய மாணவர் அரைமணி நேரத்தில் கணினியின் துணையால் அனைத்தையும் தந்துவிடுகிறார். அவற்றுள் ஒரு பாடலை எடுத்து, 'இது யார் கூற்று? யாரை நோக்கிய கூற்று?' என வினவினால் அமைதியே விடையாகிறது. கருவியின் மீது குற்றமில்லை. துறைகள் கிளைக்கக் கிளைக்க, ஒவ்வொருவரும் தம் கிளையை மட்டுமே பற்றிக்கொண்டு அடிமரத்தை மறப்பதே குறை. கல்வெட்டு பயில்பவர் கவிதை படிப்பதில்லை. கவிதை ஆய்பவர் அகழாய்வு அறிக்கையைப் புரட்டுவதில்லை. சம்பைக் கல் போன்ற ஒன்று நாளை கிடைத்தால் அதன் நான்கு பக்கங்களையும் ஒருசேரக் காணும் கண் நம்மிடையே இருக்குமா?

இங்கேதான் உங்களைப் போன்ற இலக்கிய வட்டங்களின் தேவை எழுகிறது. பல்கலைக்கழகத்தில் துறைகளுக்கிடையே சுவர்கள் உண்டு. இம்மன்றத்தில் அவை இல்லை. வங்கி ஊழியரும் உழவரும் ஆசிரியரும் மருத்துவரும் ஒரே பாயில் அமர்ந்து ஒரு கவிதையைப் பேசும் இடம் இது.

படைப்பாளிக்கு ஆய்வில் இடமில்லை என எண்ணிவிடாதீர்கள். நாட்டார் வழக்காற்றியலை நா. வானமாமலை ஓர் இயக்கமாக வளர்த்தார். அவர் திரட்டிய பாடல்கள் ஊர்மக்கள் வாயிலிருந்து வந்தவையே. கரிசல் வட்டாரச் சொற்களைத் திரட்டி 1982இல் அகராதியாக்கிய கி. ராஜநாராயணன் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர், கதைசொல்லி. கொங்கு வட்டாரச் சொல்லகராதியைத் தந்த பெருமாள்முருகனும் ஒரு நாவலாசிரியரே. சொல்லின் சுவையறிந்தவர்க்கே அது மறையும்போது வலிக்கும்.

மின்மோட்டார் வந்தபின் கமலை போயிற்று. கமலையோடு சாலும் வடமும் போயின, ஏற்றப்பாட்டும் போயிற்று. கருவி மறைவது காலத்தின் இயல்பு. அதன் பெயரும் பதிவின்றி மறைவது நம் சோர்வு. அச்சொற்களை வாயில் வைத்திருக்கும் முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். ஏடுகளையாவது கறையானிடமிருந்து காத்தோம். நாவில் வாழும் சொல்லுக்கு இரண்டாம் படி கிடையாது.

ஆதலின் என் வேண்டுகோள் இதுவே. வரும் பத்தாண்டில் ஒவ்வோர் உறுப்பினரும் மாதம் பத்துச் சொற்களைத் தம் வீட்டு முதியோரிடமும் தொழிலாளரிடமும் கேட்டு, பொருளும் ஊரும் குறித்துக் கொணருங்கள். ஆண்டுக்கொரு கூட்டத்தைப் பிறதுறை அறிஞர்க்கு ஒதுக்குங்கள். கல்வெட்டு படிப்பவரும் கவிதை எழுதுபவரும் ஒரு மாலையேனும் எதிரெதிரே அமரட்டும்.

இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது, அதன் பின்பகுதியில் இவ்வட்டத்தின் சொற்றொகுதி ஒன்று இணைந்திருக்குமாயின், தமிழியலின் வரலாற்றில் இம்மன்றத்துக்கும் ஒரு வரி உண்டு.