ஒரே கோயிலில் இரு திறத்தார்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயநெறியில் நிற்போர் ஏழைக்குச் சோறிடுவதை எந்நாட்டிலும் எவரும் குறைகூறுவதில்லை. அவ்வேழை பெறும் கூலி நியாயமானதா என்று அவர்கள் கேட்கத் தொடங்கும்போதே வழக்கு எழுகின்றது. அமெரிக்காவில், கலிபோர்ணிய மாநிலத்து டிலானோ என்னும் ஊரில் அவ்வாறெழுந்த வழக்கொன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

டிலானோ முந்திரிகைத் தோட்டங்கள் நிறைந்த ஊர். பழம் பறிப்போரிற் பெரும்பாலார் பிலிப்பைன் நாட்டவரும் மெக்சிக்கரும். தொழிலாளர் சங்கம் அமைத்துப் பேரம்பேசும் உரிமையை 1935ஆம் ஆண்டு வழங்கிய அமெரிக்கச் சட்டம், தோட்ட வேலையாட்களை விலக்கி வைத்திருந்தது. 1965 செப்டெம்பர் 8ஆந் திகதி, லறி இற்லியோங் தலைமையில் பிலிப்பைன் தொழிலாளர் மணிக்கு 1 டொலர் 40 சதம் கூலி கேட்டு வேலையை நிறுத்தினர். எட்டு நாட் கழித்து, சீசர் சாவேசின் சங்கத்து மெக்சிக்கர் குவாதலூப்பே மாதா கோயில் மண்டபத்திற் கூடித் தாமும் சேர்ந்துகொள்வதென முடிவு செய்தனர்.

கோயில் மண்டபத்தில் எடுத்த முடிவாயிற்றே, கோயிலும் அவர்கள் பக்கம் நின்றிருக்கும் என்று எண்ணுவீர்கள். நிற்கவில்லை. தோட்டக்காரரிலும் பலர் கத்தோலிக்கரே. குரோவேசியாவிலும் இத்தாலியிலும் இருந்து வந்து, பாடுபட்டு உயர்ந்த குடும்பத்தினர். கோயிற் செலவுக்குக் கைகொடுத்தவர்களும் அவர்களே. ஒரே பூசைக்கு இரு திறத்தாரும் வந்து முழந்தாளிட்டால் குருவானவர் எதைப் பிரசங்கிப்பார்? பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இலேயே தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை ஏற்றுத் திருமுகம் விடுத்திருந்தார். ஆயினும் அவ்வூர்க் குருமார் ஒதுங்கியே நின்றனர். அதைக் கோழைத்தனம் என்று இங்கிருந்து சொல்லிவிடுதல் எளிது. காணிக்கையால் நடைபெறும் எந்த ஆலயத்துக்கும் வரக்கூடிய இடர் அது என்றே நாம் கருதுகின்றோம்.

முதலில் துணைவந்தோர் புரட்டஸ்தாந்தர். கிறிஸ் ஹாட்மயர் என்னும் போதகரின் கீழ், ஊரூராய்ச் சென்று பிழைக்கும் தொழிலாளரிடையே ஊழியஞ் செய்துவந்த சிறு குழுவொன்று மறியலில் இறங்கிற்று. டிலானோவின் புரட்டஸ்தாந்தப் போதகர்களே அதனை விரும்பவில்லை. எனினும் அக்குழுவுக்குப் பணம் வெளியூர்ச் சபைகளிலிருந்து வந்தமையால், தோட்டக்காரரின் முகம் பார்த்து நடக்கவேண்டிய நிலை அதற்கில்லை. 1965 ஒக்டோபரில், வேலைநிறுத்தம் என்று பொருள்படும் ‘உவெல்கா’ என்னும் ஒரு சொல்லைக் கூவியமைக்காக 44 பேர் சிறைப்பட்டனர்; அவர்களுட் போதகரும் இருந்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்த, யூத சமயத் தலைவர் சிலர் ஒருங்கே டிலானோவுக்கு வந்து, நேரிற் கண்டு, தொழிலாளரின் கோரிக்கையை ஆதரித்தனர்.

அடுத்த ஆண்டுத் தபசுகாலத்தில் தொழிலாளர் மாதாவின் கொடியேந்தித் தலைநகராகிய சக்கிரமென்ரோவுக்கு ஏறத்தாழ 300 மைல் நடந்து, உயிர்த்த ஞாயிறன்று போய்ச் சேர்ந்தனர். போராட்டம் நீடிக்கவே சிலரிடம் வன்முறைப் பேச்சு எழுந்தது. காந்தியடிகளைக் கற்றிருந்த சாவேஸ் 1968இல் 25 நாள் உண்ணாவிரதமிருந்தார். மார்ச் 10ஆந் திகதி பூசைப்பலியின்போது, றொபேட் கென்னடி அருகிருக்க அவ்விரதம் முடிந்தது. இதற்கிடையில், டிலானோ முந்திரிகைப்பழத்தை வாங்காதீர் என்னும் வேண்டுகோள் நாடெங்கும் பரவிற்று. தூரத்து நகரங்களில் கன்னியரும் போதகரும் கடைவாயில்களில் நின்று அதனை எடுத்துரைத்தனர்.

1969 நவம்பரில் அமெரிக்கக் கத்தோலிக்க மேற்றிராணிமார், ஜோசப் டொனெலி ஆண்டகையின் தலைமையில் ஐவர் குழுவொன்றை நியமித்தனர். பகிஷ்காரத்தை ஆதரிக்காது நடுநிலை பேணியமைக்காகத் தொழிலாளர் மனம் நொந்தனர் என்றால் வியப்பில்லை. ஆனால் பேச்சுக்கு இணங்காதிருந்த தோட்டக்காரரை மேசைக்குக் கொணர்ந்தவர்கள் இவர்களே. இரு பக்கத்தாரும் தம்மவர் என்பது உள்ளூர்க் குருவின் வாயை அடைத்தது; மேற்றிராணிமாருக்கோ அதுவே இருவீட்டுக் கதவையும் திறந்துவிட்டது. 1970 யூலை 29ஆந் திகதி டிலானோவில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. மணிக்கு 1 டொலர் 80 சதம். பெட்டிக்கு 20 சதம். அதன்மேல் சுகாதார நிதி.

இத்துடன் எல்லாம் சுபமாய் முடிந்ததென்று கூறமாட்டோம். 1973இல் ஒப்பந்தக் காலம் முடியவே, தோட்டக்காரர் பலர் வேறொரு சங்கத்தோடு உடன்பாடு செய்துகொண்டனர். தொழிலாளரை எவரும் கேட்கவில்லை. மீண்டும் மறியல். குருமாரும் கன்னியரும் கூட்டமாகக் கைதாகினர். கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய டொறதி டே அம்மையாரும் 75 வயதில் அவர்களோடு சிறை சென்றார். 1975இல் கலிபோர்ணியா தனிச்சட்டம் இயற்றி, எந்தச் சங்கம் வேண்டுமென்பதை இரகசிய வாக்கினால் தெரிவுசெய்யும் உரிமையைத் தோட்டத் தொழிலாளருக்கு அளித்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அந்த விலக்கு இன்றும் அப்படியே இருக்கின்றது.