பூமரமும் கிணறும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், வீட்டுத்தோட்டத்தில் ஈடுபாடுள்ள பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வீட்டில் புற்றரை அமைப்பது பற்றியும், மகிழ்ச்சிக்காகவும் வருவாய்க்காகவும் பூமரம் வளர்ப்பது பற்றியும் பேசும்படி சங்கம் எங்களைக் கேட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்து வளவுகளில் மண் கிண்டிப் பழகியவர்கள். ஆகவே இந்த மண்ணை வைத்தே பேசுகிறோம். கடல் கடந்து வாழும் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறோம்.

எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். மேலே கொட்டும் பசளையும் அதே வெடிப்புகளால் கீழே போய்விடும். குடிநீர் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் பகுதிக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. கைக்குழந்தைகளுக்கு அந்த நீர் கேடானது. எனவே இங்கே பூமரம் வைப்பவர் முதலில் தம் கிணற்றை எண்ணிப் பார்க்க வேண்டும்.

புற்றரையை எடுத்துக்கொள்வோம். கோடை வெயிலில் பச்சையாக நிற்க, ஒரு சதுர மீற்றர் புல்லுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் நீர் வேண்டும். நீளம் 10 மீற்றர், அகலம் 10 மீற்றர் கொண்ட புற்றரைக்கு ஒரு நாளில் 500 லீற்றர்; 30 நாளில் 15,000 லீற்றர். புல்லே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டு வாசலருகே ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு வையுங்கள். அறுகம்புல் வெயிலைத் தாங்கும். காய்ந்தாலும் மழைக்குத் துளிர்க்கும். ஒரு முறையில் புல்லின் உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். ஒட்ட வெட்டினால் வேர் மெலியும், களை ஏறும். யூரியாவுக்குப் பதிலாக மக்கிய மாட்டெருவைச் சலித்து மெல்லியதாகத் தூவினால் போதும்.

மிச்ச இடத்தைப் பூமரங்களுக்குக் கொடுங்கள். கடதாசிப்பூ, செவ்வரத்தை, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவை வேரூன்றிய பின் அதிகம் கேட்பதில்லை. அலரியும் வெயில் தாங்கும். ஆனால் அது நஞ்சுள்ளது, சிறு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் வெட்சியைப் பலர் பசளை போட்டுத் தேற்றப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் அங்கே குறைவது பசளை அல்ல. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடிவதில்லை. அத்தகைய செடியைக் கூட்டெரு கலந்த சாடியில் வைத்து, சேமித்த மழைநீரை ஊற்றினால் தேறும். சாடித் தட்டில் தேங்கும் நீரை மட்டும் வாரம் ஒரு தரமாவது கவிழ்த்துத் தேய்த்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடும் இடம் அதுதான்.

இனி வருவாய். மகிழ்ச்சிக்கு என்றால் பத்து வகையில் ஒவ்வொன்று வைக்கலாம். வருவாய்க்கு என்றால் ஒரு வகையில் பத்து வையுங்கள். நடுவதற்கு முன்பே வாங்குபவரைக் கண்டுபிடியுங்கள். மல்லிகை மொட்டு விடியற்காலையில் பறித்து அன்றைக்கே கைமாற வேண்டிய பொருள். மாலையில் விரிந்துவிட்டால் விலை இல்லை. அருகில் கோயிலோ, மாலை கட்டுபவரோ இருந்தால் மல்லிகை வையுங்கள். மல்லிகை புதுத் துளிரில் பூப்பது. மாரி முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக்கிளை வெடித்துப் பூக்கும். வாங்குபவர் தொலைவில் என்றால் பூவை விட்டுக் கன்று விற்பதே நல்லது. இன்று விற்காத கன்று நாளை இன்னும் வளர்ந்திருக்கும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலந்து பையில் நிரப்பி, பென்சில் பருமனான கடதாசிப்பூத் தண்டை நட்டு நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும்.

கணக்கு எழுதும்போது பை, எரு, மின்சாரம் ஆகியவற்றோடு உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள். வீட்டுப் பெண் செய்யும் வேலை இலவசம் என்று எண்ணி விலை வைப்பதால்தான் பல சிறு தோட்டங்கள் இலாபம்போலத் தோன்றி ஓய்ந்துபோகின்றன.

கடல் கடந்த சகோதரிகளே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நீங்கள் சாடியில் மல்லிகை வளர்க்கிறீர்கள். இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே இறங்குமுன் அதை வீட்டுக்குள் எடுத்து, வெளிச்சமான யன்னலருகே வையுங்கள். குளிர்காலத்தில் நீரைக் குறையுங்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. ஊரில் வீடு கட்டும்போது வளவு முழுவதும் கல் பதிக்கச் சொல்லாதீர்கள். முழுவதும் புல் பதிக்கவும் சொல்லாதீர்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 5,000 லீற்றர் நீர். கல் பதித்த முற்றத்தில் அது ஒழுங்கைக்கு ஓடி வீணாகிறது. வெறும் மண்ணும் நாலு பூமரமும் இருந்தால் நிலத்துக்குள் இறங்கும். அந்த நீரை நீங்கள் மட்டும் குடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் ஊற்று அதுவே.

எங்கள் கல்லூரி நூறு ஆண்டுகள் நின்றதற்கு அதன் கிணறும் ஒரு காரணம். அடுத்த நூற்றாண்டின் பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைக் குடிக்கட்டும், எங்கள் முற்றங்களிலும் பூ மலரட்டும் என வாழ்த்தி அமைகிறோம்.