வாங்கும் முன் மணிக்கணக்கு போடுவோம்

(சிறிய டிராக்டரும் தோண்டும் கருவியும் வாங்குவது பற்றி, கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டமைப்புக்குச் சொந்தமாக ஒரு சின்ன டிராக்டர் வாங்க வேண்டும், அதன் பின்னால் ஜேசிபி மாதிரி தோண்டுகிற கையும் மாட்ட வேண்டும் என்று பல குழுக்களிலிருந்து கோரிக்கை வந்திருக்கிறது. நியாயமான கோரிக்கைதான். தீர்மானம் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது நாம்தான்.

இந்தக் கோரிக்கை ஏன் வந்தது? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-ல் ராயல் என்பீல்டு என்று வரிசையாக ஆலைகள் வந்தன. நம் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார்கள். வீட்டுக்குச் சம்பளம் வருகிறது, சந்தோஷம். ஆனால் வரப்பு வெட்ட, வாய்க்கால் தூர்வார, தென்னங்குழி எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டால், "மனை வேலை இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற நம் வேலைக்கு அவர் வருவதற்குள் மழை வந்துவிடுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்க முடியுமா? வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் தண்ணீர் வயலுக்குள்தான் வரும்.

அதனால் இயந்திரம் தேவை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: டிராக்டர் வேறு, தோண்டும் கை வேறு. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு போடுங்கள்.

டிராக்டருக்கு வருஷம் முழுக்க வேலை உண்டு. உழவு, ரொட்டவேட்டர், டிரெய்லரில் எரு ஏற்றுவது, மருந்து தெளிப்பது என்று ஓடிக்கொண்டே இருக்கும். 20, 25 எச்.பி. சின்ன டிராக்டர், மல்லிகைத் தோட்டத்திலும் காய்கறிப் பாத்தியிலும் வரப்பை உடைக்காமல் நுழையும். அதன் எடை ஏறக்குறைய ஒரு டன்தான். பெரிய ஜேசிபி ஏழு டன்னுக்கு மேல். ஈர நிலத்தில் அது இறங்கினால் மண் கெட்டியாகிவிடும்.

தோண்டும் கைக்கு அப்படி வருஷம் முழுக்க வேலை இருக்குமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்.

10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை. எடுக்க வேண்டிய மண் 150 கன மீட்டர். பெரிய ஜேசிபி பக்கெட் ஒரு தடவையில் சுமார் கால் கன மீட்டர் அள்ளும். 600 தடவை அள்ளினால் போதும். நிமிடத்துக்கு இரண்டு தடவை என்று வைத்தால் 5 மணி நேரம். சின்ன டிராக்டரில் மாட்டும் பக்கெட் 40 லிட்டர் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே குட்டைக்கு 3,750 தடவை அள்ள வேண்டும். 31 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை மணி டீசலும் டிரைவர் கூலியும் யார் கொடுப்பது? குட்டைக்கும் கிணற்று வேலைக்கும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதுதான் லாபம்.

சின்னக் கை எதற்கு ஏற்றது? சொட்டுநீர்க் குழாய் பதிக்கும் கால்வாய், வயல் வடிகால், வாய்க்கால் தூர்வாருவது, சீமைக் கருவேல வேர் எடுப்பது, பெரிய வண்டி நுழைய முடியாத சந்து. இதற்கெல்லாம் நன்றாக உதவும். வெறும் தென்னங்குழியும் வேலிக்கல் குழியும்தான் வேலை என்றால் தோண்டும் கையே வேண்டாம். டிராக்டரின் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் குழி தோண்டும் கருவி போதும். விலையும் குறைவு.

இப்போது கடன் கணக்கு. தோண்டும் கைக்காக மட்டும் கூடுதலாக 4 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறோம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 12 சதவீத வட்டி, 5 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 8,900 ரூபாய் கட்ட வேண்டும். வருஷத்துக்கு 1,06,800 ரூபாய். டீசல், டிரைவர் கூலி, ரிப்பேர் எல்லாம் போக மணிக்கு 500 ரூபாய் மிஞ்சினால், தவணை கட்டவே வருஷத்துக்கு 214 மணி நேரம் அது தோண்டியாக வேண்டும். மழைக்காலத்தில் ஓடாது, பயிர் நிற்கும்போது வயலில் இறங்க முடியாது. மீதி மாதங்களில் அத்தனை மணி வேலை நம் ஊர்களில் இருக்கிறதா? இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நாம்தான் எண்ண வேண்டும்.

எண்ணுவது எப்படி? ஒவ்வொரு குழுவும் ஒரு நோட்டுப் போடுங்கள். போன வருஷம் எந்த வேலைக்கு, எந்த மாதம், எத்தனை மணி நேரம் ஜேசிபி வைத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். "அடுத்த வருஷம் வைப்பேன்" என்பதை அதில் சேர்க்காதீர்கள். அது ஆசைக்கணக்கு, உண்மைக்கணக்கு ஆகாது. மொத்த மணி தவணைக்கு எட்டவில்லை என்றால் டிராக்டர் மட்டும் வாங்குவோம். தோண்டும் வேலைக்கு வேளாண் பொறியியல் துறையில் அரசு வாடகைக்கு இயந்திரம் கேட்போம். இ-வாடகை செயலியிலும் பதியலாம். நாலு குழு சேர்ந்து ஒரே வாரத்தில் கேட்டால், வண்டி ஒரே நடையில் எல்லோர் வேலையையும் முடித்துவிட்டுப் போகும்.

மணிக்கணக்கு சரியாக வந்து, வாங்குவது என்றே முடிவானால், இவற்றைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

முதலில், கை எங்கே மாட்டப்படுகிறது? மூன்று புள்ளி இணைப்பில் மட்டும் தொங்கவிட்டால், தோண்டுகிற விசை முழுவதும் டிராக்டரின் பின்பகுதியைத் தாக்கும். வீடு உடைந்தால் கட்டலாம், கியர் பெட்டி உடைந்தால் கதை முடிந்தது. முன்பக்கம் வரை போகிற இரும்புச் சட்டத்தில் கை பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் ஊன்று கால் இருக்க வேண்டும். முன்னால் எடை வைக்க வேண்டும். நம் நாட்டில் இந்தக் கையைப் பெரும்பாலும் 45, 50 எச்.பி. டிராக்டரில்தான் மாட்டுகிறார்கள். சின்ன டிராக்டருக்கென்றே செய்த கைதானா என்று கேளுங்கள்.

இரண்டாவது, கையை மாட்டினாலும் டிராக்டரின் வாரண்டி செல்லும் என்று டிராக்டர் கம்பெனியிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

மூன்றாவது, பதிவும் இன்சூரன்சும். விவசாய உபயோகம் என்று பதிவான வண்டியை மனை வேலைக்கு வாடகைக்கு விட்டு விபத்து நடந்தால், இழப்பீடு கிடைப்பது கஷ்டம். கை மாட்டிய வண்டியை எப்படிப் பதிய வேண்டும் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

நான்காவது, மானியம். 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பெண் விவசாயிகளுக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கும் 50 சதவீதம் வரை மானியம் உண்டு. அதற்கு உச்சவரம்பும் உண்டு. எந்தக் கருவி பட்டியலில் இருக்கிறது, இந்த வருஷம் ஒதுக்கீடு இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறையில் கேட்டபிறகு விண்ணப்பியுங்கள். நிலம் மாமனார் பெயரில் இருந்தால் அவர்தான் விவசாயி என்று கணக்காகும். உழைக்கிறவள் பெயரில் பட்டா இல்லாவிட்டால் இப்படிப்பட்ட உதவியெல்லாம் கைநழுவிப் போகும். இதையும் வீட்டில் பேசுங்கள்.

ஐந்தாவது, விலை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் டிராக்டருக்கு எவ்வளவு, கைக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

ஆறாவது, நம் களிமண்ணில் இறக்கி அரை நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூம் வாசலில் ஓடுவதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். அன்றைக்கு நம் பெண்களில் இரண்டு பேராவது சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கால் பெடலுக்கு எட்டுகிறதா, லீவர் இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் எடுத்து நாமே ஓட்டினால் டிரைவர் கூலியும் நம்மிடமே தங்கும்.

கடைசியாக, பாதுகாப்பு. நம் பகுதியில் சாலையோரம் மின்கேபிள், தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாம் மண்ணுக்குள் போகிறது. கேட்காமல் பக்கெட்டை இறக்கக் கூடாது. தலைக்கு மேல் கரண்ட் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆழமான குழிக்குள் ஆளை இறக்காதீர்கள், பக்கத்து மண் சரியும். ஏரி வண்டல் எடுப்பதாக இருந்தால் வட்டாட்சியர் அனுமதி வேண்டும். விவசாயிகளுக்கு அதை வட்டாட்சியர் அளவிலேயே தர 2024-ல் அரசு வழி செய்திருக்கிறது. அனுமதி இல்லாமல் ஏரியில் இறங்கினால் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும், தவணை மட்டும் ஓடும்.

சகோதரிகளே, பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று சேமிப்பில் ஆரம்பித்தவர்கள் நாம். சந்தா, வட்டி என்று ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதுகிறோம். லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு மட்டும் கணக்கு எழுதாமல் இருக்கலாமா? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் மணிக்கணக்கு நோட்டோடு வாருங்கள். எல்லா நோட்டையும் கூட்டிப் பார்த்து, வருகிற எண்ணை வைத்துத் தீர்மானம் போடுவோம்.