இருமலை மறைக்க வேண்டாம்

(நமது அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நமதூரில் பீங்கான் பட்டறைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. மண்ணிலும் கல் பொடியிலும் உள்ள சிலிக்கா தூசு ஆண்டுக்கணக்கில் நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெடும். கெட்ட நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். ஆனால் இருமினால் "தூசுதான்" என்று இருந்துவிடுபவர்கள் அதிகம். பெண்பிள்ளைக்கு என்றால், நிக்காஹ் தடைபடுமே என்று மறைக்கும் வீடுகளும் உண்டு.

ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். ஒரு காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டும். நம் நாட்டிலோ அத்தனை பேருக்குப் படுக்கை கிடையாது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். ஏழை நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும், மறுபாதிப் பேருக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்து கொடுத்தார்கள். சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. இருந்தும் குணமானவர்கள் இரு பக்கமும் ஏறக்குறைய சமம். வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டதால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளியான இந்த முடிவு உலகத்தின் சிகிச்சை முறையையே மாற்றியது. வெளிநாட்டார் அறிவு தந்தார்கள். பாடம் சென்னையின் ஏழை வீடுகளிலிருந்து உலகுக்குப் போனது.

அந்த வீடுகளுக்கு ஊழியர்கள் நேரில் சென்று, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்த்தார்கள். அந்த வேலையை இன்று நாம்தான் செய்ய வேண்டும்.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பெரும்பாலோருக்கு 6 மாத மருந்து போதும். இரண்டாம் மாதமே உடம்பு தேறியது போலத் தோன்றும். அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பக்கூடும். நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து மனதை நோகடிக்காதீர்கள். இது காற்றில் பரவும் நோய், தட்டில் அல்ல. ஜன்னலைத் திறந்து வையுங்கள். பட்டறை நடத்துவோர் தண்ணீர் தெளித்துக் கூட்டச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களிடம் சொல்லுங்கள். பெயர் வெளியே போகாது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்வது மார்க்கம் காட்டிய வழி. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.