ஓடியவரும் கோடு போட்டவரும்

(நம் ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி நடைபெற்ற சிறுவர் விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதம் நம் மஹல்லா இளைஞர்கள் சிலர் நம்மிடம் வந்து, "மறைந்த பெற்றோரின் நினைவாக ஓர் ஓட்டப் பந்தயம் நடத்தலாமா?" என்று கேட்டனர். அவர்களுக்கு அன்று உடனே விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

ஒருவரை நெஞ்சில் நிறுத்தி ஓடுவது உலகம் அறிந்த வழக்கமே. புற்றுநோயால் வலக்காலை இழந்த கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸ், 1980ஆம் ஆண்டு செயற்கைக் காலுடன் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் மீண்டும் தாக்கவே வழியிலேயே நிறுத்தினார். மறு ஆண்டு மறைந்தார். அவர் பெயரால் பல நாடுகளில் ஓட்டங்கள் நடக்கின்றன. நம் சென்னையிலும் ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்துள்ளது. தாயை, தந்தையை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் பலர் அத்தகைய ஓட்டங்களில் கலந்துகொள்கின்றனர்.

ஆயினும் கனடா வரை போவானேன்? மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைப் பாருங்கள். அவ்வூர் ரேவதி வீரமணி சிறுவயதிலேயே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தவர். அவரையும் தங்கையையும் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பேத்திகளையும் வேலைக்கு அனுப்பிவிடலாமே என்று உற்றார் சொன்னபோது, அந்த மூதாட்டி அதற்கு இணங்கவில்லை, படிக்க வைத்தார். வெறுங்காலுடன் ஓடிய அச்சிறுமியின் திறமையைக் கண்டவர் பயிற்சியாளர் கண்ணன். ஓட அனுப்பப் பாட்டி முதலில் தயங்கினார். கண்ணன் பேசி இசைவு பெற்றார். மதுரை லேடி டோக் கல்லூரியில் சேர்ந்து படிக்கவும் பயிற்சி பெறவும் வழி செய்தார். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வு ஓட்டத்தில் 400 மீட்டரை 53.55 விநாடிகளில் கடந்தார் ரேவதி. அம்மாத இறுதியில் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவிற்காக ஓடினார். அணியின் நால்வரில் மூவர் தமிழகத்தவர் என்பது நமக்குப் பெருமை. அந்த அணி இறுதிச் சுற்றை எட்டவில்லை. அதனால் என்ன? தாய் தந்தை இருவருக்கும் ஈடாக நின்ற ஒரு பாட்டிக்கு, பேத்தி தன் கால்களால் செலுத்திய நன்றி அது.

இன்னும் அருகே வருவோம். நம் பெரும்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர்ச் சாலை வழியே சிறிது தூரம் சென்றால் கண்ணகி நகர். நகரின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கும், பிற்காலத்தில் இங்கும் குடியமர்த்தப்பட்டன. அந்தக் கண்ணகி நகரின் மகள் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். செய்தித்தாள்கள் அவர் படத்தை முதற்பக்கத்தில் இட்டன. அவரையும் அப்பகுதிப் பெண் பிள்ளைகளையும் பயிற்றுவித்த ராஜி என்பவரின் பெயர், உள்ளே எங்கோ ஒரு வரியில் இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

அன்பர்களே! எம் அத்தா பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் தொழிலகத்தில் கணக்கெழுதியவர்கள். ஒரு நாளும் ஓடியவர்கள் அல்லர்; இளமையிலேயே ஒரு கால் சற்று ஊனம். ஆனால் ஞாயிறுதோறும் விடியலில் ஒரு தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளும், ஒரு விசிலும், பழைய கடிகாரமும் எடுத்துக்கொண்டு திடலுக்குப் போவார்கள். கோடு போடுவார்கள், பிள்ளைகளை ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். "ஊரார் பிள்ளைகளுக்காக உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று நாமே பலமுறை சலித்துக்கொண்டதுண்டு. அதற்கு அவர்கள் பதில் சொன்னதில்லை. பின்னர் அத்திடலில் கட்டடம் எழுந்தது. அத்தா வேறு இடம் தேடி அலைந்தார்கள். கிடைக்கவில்லை.

அவர்கள் வஃபாத்தான பின் அலமாரியில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. பக்கம் பக்கமாகப் பிள்ளைகளின் பெயர்கள், எதிரே விநாடிகள். சில பெயர்களுக்கு அருகே, "காலையில் சாப்பிடாமல் வருகிறான்", "செருப்பில்லை" என்ற குறிப்புகள். கணக்கெழுதிய கை, அங்கும் கணக்கு எழுதியிருந்தது. அதில் எம் பெயர் இல்லை. ஒரு ஞாயிறு கூட நாம் உடன் போகவில்லை.

அந்த வருத்தத்தில்தான், ஐம்பது வயதைக் கடந்த நாம், அத்தாவின் நினைவாகப் பத்துக் கிலோமீட்டர் ஓட முனைந்தோம். மருத்துவரிடம் காட்டி, நான்கு மாதம் நடந்தும் மெல்ல ஓடியும் பழகினோம். ஓட்டத்தன்று ஏறக்குறையக் கடைசியாகத்தான் வந்தோம். தண்ணீர் மேசையை மடித்துக்கொண்டிருந்த இரு பெண்கள் எம்மைக் கண்டதும் மீண்டும் விரித்துத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தனர். முடிவுக் கோட்டில் ஒரு முதியவர் வெயிலில் கடிகாரத்துடன் நின்றிருந்தார். எமக்காகத்தான் காத்திருந்தார். அப்போதுதான் உறைத்தது: அத்தாவிற்கு மரியாதை செய்வதற்காக ஓடினோம், ஆனால் அத்தா நின்ற இடம் ஓடுபவரின் இடமன்று, அந்த முதியவரின் இடம்.

2004 அக்டோபர் 2ஆம் நாள் இலண்டனின் புஷி பூங்காவில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று தொடங்கியது. தொடங்கிய பால் சிண்டன்-ஹெவிட் என்பவர் காயத்தால் ஓட இயலாதிருந்தவர். முதல் நாள் ஓடியவர் 13 பேர். துணை நின்ற தொண்டர் 5 பேர். 'பார்க்ரன்' என்னும் அந்த ஓட்டம் இன்று பல நாடுகளில் வாரந்தோறும், கட்டணமின்றி, தொண்டர்களாலேயே நடைபெறுகிறது. ஓட முடியாதவர் கடிகாரம் பிடித்ததால் உலகம் ஓடுகிறது.

ஆகவே இளைஞர்களே, உங்கள் கேள்விக்கு விடை இதுதான். பந்தயம் நடத்துங்கள், பெற்றோரின் நினைவாக ஓடுங்கள். ஆனால் ஒரு நாள் ஓட்டத்தோடும் ஒரு பதக்கத்தோடும் அது முடிந்துவிட வேண்டாம். ஓடும் ஒவ்வொருவரும் அடுத்து வரும் ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் திடலில் நின்று, நம் பகுதிப் பிள்ளைகள் அனைவர்க்கும், எச்சமயத்தவராயினும், கோடு போட்டு, நேரம் குறித்து, தண்ணீர் கொடுக்க முன்வாருங்கள். விடியலிலேயே முடித்துவிடுங்கள், நம் ஊர் வெயில் பொல்லாதது. பெற்றோர்களே, பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். ஆரம்மாளும் முதலில் தயங்கியவரே.

எம் அத்தாவின் நோட்டுப் புத்தகத்தை இன்று கொண்டுவந்திருக்கிறோம். அதன் பின்பகுதியில் எழுதப்படாத பக்கங்கள் பல உள்ளன. இன்று பரிசு பெறும் பிள்ளைகளின் பெயர்களை அவற்றில் நாமே எழுதுவோம். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு, சுண்ணாம்புத் தூளுடன் திடலில் காத்திருப்போம். உடன் நிற்க யார் வருகிறீர்கள்?