புகுநிலைக்கு வேண்டிய காலமும் துணையும்

அறிவு தெளிந்த வயதைக் கடந்த ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர விரும்பினால், அவர் கேட்ட அன்றே அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்படுவதில்லை. மக்கள் வழக்கில் ஞானஸ்நானம் எனப்படும் அந்தச் சடங்குக்கு முன், கேட்டறிதலும் கற்றலும் வழிபாட்டில் படிப்படியாகப் பங்கேற்றலும் கலந்த நெடிய தயாரிப்பு ஒன்று உண்டு. அந்தத் தயாரிப்பில் இருப்பவர் புகுநிலையினர் எனப்படுவார். மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த விருதுநகர், சிவகாசி வட்டாரப் பங்குகளில் இந்த முறை எப்படிப் பொருந்துகிறது, எங்கே தளர்கிறது என்பதை மதிப்பிடுவதே இவ்வுரையின் நோக்கம். பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள, ஓர் ஆலயத்தை மையமாகக் கொண்ட நம்பிக்கையாளர் சமூகம்.

தொடக்கத் திருச்சபையின் வழக்கங்களைச் சொல்லும் ‘திருத்தூதர் மரபு’ என்னும் பழைய நூல் மூன்றாண்டுத் தயாரிப்பைக் குறிப்பிடுகிறது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பது பெருவழக்கானபின் அம்முறை தேய்ந்து மறைந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு அதை மீட்கப் பணித்தது; அதன்படி வயதுவந்தோருக்கான சடங்கு நூல் 1972 சனவரி 6 அன்று வெளிவந்தது.

தமிழகத்தில் இதன் வரலாறு இரு திசைகளில் சென்றது. முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களில் திரளாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், ஏற்கெனவே கிறிஸ்தவர் ஆகிவிட்டவர்களுக்கு நம்பிக்கை அறிக்கையையும் மன்றாட்டுகளையும் தமிழில் மனப்பாடம் செய்விக்க வேண்டியிருந்தது. அங்கே சடங்கு முந்த, கல்வி பிந்தியது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதற்கு மாறாக நீண்ட உரையாடலிலும் வாதத்திலும் தொடங்கி, தமிழிலேயே ஞானோபதேச நூல்களை எழுதினார். கோவில்பட்டி வட்டாரத்துக் காமநாயக்கன்பட்டியில் தம் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய வீரமாமுனிவர், பிற்காலத்தில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை வேதியர்களுக்கென்றே எழுதினார். வேதியர் என்பவர் ஊர்தோறும் மறைக்கல்வி கற்பித்த, குரு அல்லாத பொதுநிலையினர். இன்று அவரை உபதேசியார் என்பார்கள். குரு ஆண்டுக்குச் சில முறையே வந்துபோன கரிசல் காட்டுச் சிற்றூர்களில், புதிதாக வருபவரின் கேள்விகளைக் கேட்டவரும் அவருடைய உறுதியை அறிந்தவரும் அந்த உபதேசியாரே.

வயது வந்தபின் நம்பிக்கையை ஏற்றவர்களில் தமிழர் நன்கறிந்தவர் தேவசகாயம் பிள்ளை. 1712இல் நட்டாலத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த அவர், குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் நொந்திருந்தபோது, டச்சுப் படைத்தலைவராக வந்து திருவிதாங்கூரின் படைப் பணியில் அமர்ந்திருந்த தெ லனாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். பேச்சு தொடர்ந்தது, பின்னர் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குருவிடம் பயிற்சி பெற்று, 1745 மே 14 அன்று திருமுழுக்குப் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்தார். அவருடைய வழியில் கவனிக்கத்தக்கது, உடன் வேலை பார்த்த ஒரு பொதுநிலையினரே முதலில் துணை நின்றார் என்பதும், குருவின் பங்கு அதற்குப் பின்னரே வந்தது என்பதுமாகும்.

இன்றைய சடங்கு நூல் அந்தத் துணையை விதியாக்கியிருக்கிறது. முதற்கட்டத்தில் விசாரிக்க வருபவர் எந்தக் கடப்பாடும் இன்றிக் கேட்கலாம், விலகியும் போகலாம். மனம் தெளிந்தபின், ஆலய வாயிலில் ஏற்புச் சடங்கு நடக்கும். அப்போது அவருடைய நெற்றியில் சிலுவை அடையாளம் வரையப்படுகிறது. அதைத் தொடர்ந்து காது, கண், உதடு, மார்பு, தோள் ஆகியவற்றிலும், விரும்பினால் கையிலும் காலிலும் அவ்வடையாளம் இடப்படும். அலுமினியப் பொடி படிந்து, எத்தனை முறை கழுவினாலும் நகக்கண்ணில் வெள்ளிநிறம் மிஞ்சும் ஒரு பட்டாசுத் தொழிலாளியின் உள்ளங்கையில் துணைநிற்பவர் தம் கட்டைவிரலால் சிலுவை வரைவது, பல மணி நேரப் போதனை சொல்ல முடியாததைச் சொல்லிவிடும். உடல் உழைப்பை நம்பிக்கைக்கு வெளியே நிறுத்தாத சடங்கு இது. இதன் சிறப்பே அதில்தான் இருக்கிறது.

தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ஆயரின் முன் பெயர்கள் ஏட்டில் பதியப்படுகின்றன. மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஞாயிறுகளில் ஆய்வுச் சடங்குகள் வரும். சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் ஆகியோரைப் பற்றிய யோவான் நற்செய்திப் பகுதிகள் அப்போது வாசிக்கப்படும். புதுத்தீ மூட்டித் தொடங்கும் பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும் ஒருசேர வழங்கப்படுகின்றன. அதன்பின் தூய ஆவியார் பெருவிழா வரையுள்ள ஏழு வாரங்கள், பெற்றதன் பொருளை உணர்ந்து பங்கோடு வேரூன்றுவதற்கு உரியவை.

இந்த நாள்காட்டி பட்டாசுத் தொழிலின் ஓட்டத்தோடு ஓரளவு இசைகிறது. ஆடிப்பெருக்கிலிருந்து தீபாவளி வரை ஆர்டர் நெருக்கடியில் ஆலை வண்டியில் போய்த் திரும்பும் ஒருவருக்கு மாலை வகுப்பு என்பது இயலாத காரியம். தீபாவளிக்குப்பின் ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும் வேளையில்தான் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய திருவருகைக்காலமும் நெருங்குகிறது. தயாரிப்பைத் தொடங்க அதைவிட ஏற்ற காலம் இல்லை. ஆலை நேரத்தை அறியாமல் அட்டவணை போடும் பங்கு, தகுதியானவர்களையே இழக்கும்.

இப்பகுதியில் இன்னொரு நுட்பமும் உண்டு. சர்ச் மிஷனரி சங்கத்தின் வடதிருநெல்வேலிப் பணியில் ஈடுபட்டு 1858இல் சிவகாசியில் மறைந்த தாமஸ் ராக்லண்டின் காலம் முதல், சிவகாசியிலும் அருகிலுள்ள சாட்சியாபுரத்திலும் சீர்திருத்தச் சபையினர் வேரூன்றியிருக்கிறார்கள். தென்னிந்தியத் திருச்சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தால், அவருக்கு மீண்டும் திருமுழுக்கு அளிப்பதில்லை. நம்பிக்கை அறிக்கையோடு ஏற்றுக்கொள்ளப்படுகிறார். அவரைப் புகுநிலையினரோடு சேர்த்து எண்ணுவது அவர் ஏற்கெனவே வாழ்ந்த நம்பிக்கைக்குச் செய்யும் அவமதிப்பு.

மனச்சான்றுக்கு எதிராக எவரையும் நம்பிக்கையை ஏற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 748ஆம் விதி சொல்கிறது. ஆயினும் கட்டாயமின்மை மட்டும் போதாது. விளைவுகளையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவராகும் பட்டியல் சாதியினர் அந்தத் தகுதியை இழக்கிறார்கள். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்த விலக்கு கிறிஸ்தவருக்குக் கிடைக்கவில்லை. தலித் குடும்பங்கள் திரளாக வேலை செய்யும் இந்தத் தொழில் மண்டலத்தில், அதைச் சொல்லாமல் ஒருவரைத் திருமுழுக்குத் தொட்டி வரை அழைத்துச் செல்வது நேர்மையான மறைக்கல்வி ஆகாது.

குறைகள் வெளிப்படையானவை. வயதுவந்தோர் திருமுழுக்கு பெரும்பாலும் திருமணத்தை ஒட்டி வருகிறது. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்தபின் மணமகளையோ மணமகனையோ சில வாரங்களுக்கு உபதேசம் படிக்க அனுப்புகிறார்கள். மன்றாட்டுகள் மனப்பாடமாகின்றன, துணை அமைவதில்லை. மணம் முடிந்து புகுந்த ஊரின் ஆலயத்தில், தம் பெயர்கூட யாருக்கும் தெரியாமல் கடைசி வரிசையில் அமர்கிறவர்களுக்கு அந்த ஏழு வாரங்கள் கிடைத்ததே இல்லை. கல்விநூல் குறைவால் நேர்ந்த பிழையன்று இது. பங்கு தன் கடமையைக் குருவிடமும் உபதேசியாரிடமும் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டதால் நேர்ந்தது.

அதே தெருவில் வாழும், முடிந்தால் அதே ஆலையில் வேலை செய்யும் ஒருவரை ஞானப்பெற்றோராகத் தருவதும், உயிர்ப்புப் பெருவிழாவுக்குப்பின் அந்த ஏழு வாரங்களும் தெருவாரியாகக் கூடும் அன்பியக் கூட்டங்களுக்குப் புதியவரை வீடு சென்று அழைத்து வருவதும் எந்தச் செலவும் வைக்காதவை. வரும் தீபாவளி விடுமுறைக்குள் அத்தகைய துணையாளர்களைத் தேர்ந்து வைக்கும்படி இப்பகுதிப் பங்குப் பேரவைகளைக் கேட்டுக்கொள்வது தகும்.