யார் கொடுத்த காசு?



இதுபோன்ற பட்டமளிப்பு மேடையில் கோடீஸ்வரர்களின் வெற்றிக் கதையைச் சொல்வது வழக்கம். நான் ஒருவரின் நன்கொடைக் கதையைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்கு 2003இல் தடை வந்தது. அதற்கு முன் பேருந்து நிலையங்களில் சீட்டு எப்படிக் கூவி விற்கப்பட்டது என்று உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். சம்பளத்தைச் சீட்டில் விட்டவர்களையும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கடை இங்கே மூடியது, வெளிமாநிலங்களில் ஓடியது. கோவை லாட்டரி அதிபர் மார்ட்டினின் பியூச்சர் கேமிங் நிறுவனம் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர உதவிய தேர்தல் பத்திரத்தை 1,368 கோடி ரூபாய்க்கு வாங்கியது. நாட்டிலேயே அதுதான் அதிகம். அதில் திரிணமூல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் தலா 500 கோடிக்கு மேல் போனது, பா.ஜ.க.வுக்கு 100 கோடி. இதில் என்ன கொள்கைப் பற்றைத் தேடுவீர்கள்?

2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத் திட்டமே செல்லாது என்ற பிறகுதான் இந்தக் கணக்கு வெளியே வந்தது. பத்திரத்தை விற்றது பாரத ஸ்டேட் வங்கி, அதாவது மத்திய அரசின் வங்கி. வாங்கியவர் யாரென்று வங்கிக்குத் தெரியும். ஓட்டுப் போடும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியாது.

அதே 2024இல் இந்தச் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யக் கேட்டார்கள். அப்போதிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி மனுப்போடும் ஏழு பேராவது பெயர், வேலை, முகவரி எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்தது; ஒளிந்துகொள்ள வழியே இல்லை. சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் இருக்கக் கூடாது என்று நிர்வாகம் எதிர்த்தது. செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம். மூன்று அமைச்சர்கள் பேச்சு நடத்தினார்கள். எச்சூரில் அவர்கள் போட்டிருந்த போராட்டப் பந்தலைப் போலீஸ் பிரித்தது. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரிக் கடைசியில்தான் பதிவு கிடைத்தது. (சாம்சங் பத்திரம் வாங்கியது என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படி எழுதிவிடாதீர்கள்.) கோடிகளைப் பெயர் சொல்லாமல் கொடுக்க வழிசெய்த நாட்டில், பெயர் எழுதிக் கேட்டவர்கள் காத்துக்கிடந்தார்கள்.

பி.காம். முடித்தவர்களே, நாளை இந்த நெடுஞ்சாலையோரக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் நீங்கள் உட்காருவீர்கள். லாப நட்டக் கணக்கில் ‘அரசியல் நன்கொடை’ என்ற வரி வந்தால், தொகை மட்டும் போதாது, எந்தக் கட்சிக்கு என்றும் காட்ட வேண்டும். 2017இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்; அப்படி எடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இடம் காலியாக இருந்தால் மேலாளரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.